அடுத்த கொரோனாவுக்கு இப்போதே தடுப்பூசி: விஞ்ஞானிகள் மட்டும் போதுமா?



போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அக்கா மகன் ஒரு கேள்வி போட்டிருந்தான்: "கொரோனாதான் போயிடுச்சே மாமா, இன்னும் எதுக்கு அதுக்குத் தடுப்பூசி ஆராய்ச்சி?" அதே வாரம் பழைய மாணவி ஒருத்தியும் கேட்டாள். மென்பொருள் நிறுவனத்தில் திட்ட மேலாளராக இருக்கிறாள். "இவ்வளவு பணம், இவ்வளவு விஞ்ஞானிகள். எல்லாக் கொரோனாவுக்கும் சேர்த்து ஒரு தடுப்பூசி ஏன் சார் இன்னும் வரவில்லை?" என்றாள். இருவருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். பதிவு நீளம்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உயிரியல் நடத்தியவன் சுருக்கமாகப் பேசுவான் என்று நீங்களும் எதிர்பார்க்க மாட்டீர்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரந்த பாதுகாப்புத் தரும் கொரோனா தடுப்பூசி நமக்குத் தேவை. அதற்கான அறிவியல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தடங்கல் பெரும்பாலும் வேறு இடத்தில்: பல நாட்டு ஆய்வகங்களைச் சேர்த்து நடத்துவது, ஒரே அளவுகோலால் அளப்பது, சரிவராததைத் துணிந்து நிறுத்துவது, நோய் இல்லாத காலத்திலும் பணத்தை நிறுத்தாமல் கொடுப்பது. சுருங்கச் சொன்னால், நிர்வாகம். அதை நாம் மதிப்பதே இல்லை.

முதலில் "போயிடுச்சே" என்பதற்கு வருகிறேன். 2002-03-ல் சார்ஸ் வந்தது. சுமார் 8,000 பேருக்குத் தொற்றியது, 774 பேர் இறந்தார்கள். 2012-ல் சவூதி அரேபியாவில் மெர்ஸ். ஒட்டகத்திலிருந்து மனிதருக்கு வருவது. நோய் உறுதியானவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். அதிர்ஷ்டவசமாக அது எளிதில் பரவவில்லை. 2019 கடைசியில் வந்தது கோவிட். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் வழக்கத்தைவிட ஏறத்தாழ 1.49 கோடிப் பேர் கூடுதலாக இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. இருபது ஆண்டுக்குள் மூன்று முறை. மூன்றும் பீட்டா கொரோனா என்ற ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்தின் உறவினர்கள் இன்னும் வௌவால்களில் குடியிருக்கிறார்கள். மூன்று முறை கதவைத் தட்டியவர் நான்காவது முறை தட்ட மாட்டார் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

இனி அறிவியல். வகுப்பில் கரும்பலகையில் வரைந்த வைரஸ் படம் நினைவிருக்கிறதா? உருண்டையைச் சுற்றி முள் முள்ளாக இருக்குமே, அதுதான் ஸ்பைக் புரதம். முள்ளின் தலைப்பகுதி நம் செல்லைப் பற்றிக்கொள்கிறது. நம் உடல் பெரும்பாலும் அந்தத் தலையைப் பார்த்துத்தான் எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. சிக்கல் என்னவென்றால், அந்தத் தலைதான் அடிக்கடி மாறுகிறது. டெல்டா, ஒமைக்ரான் எல்லாம் இப்படி வந்தவைதான். முள்ளின் தண்டுப் பகுதி அவ்வளவாக மாறுவதில்லை. ஆனால் அதைப் பார்த்து உடல் தயாரிக்கும் எதிர்ப்பொருளுக்குப் பொதுவாக வலு குறைவு. மாறாத இடத்தில் வலுவாகத் தாக்க உடலுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது? பரந்த தடுப்பூசிக்காரர்களின் கேள்வி இதுதான்.

அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் பமேலா பியோர்க்மன் குழு செய்ததை ஓர் ஆசிரியராக நான் மிகவும் ரசித்தேன். ஒரு நுண்துகளின் மேல் எட்டு வெவ்வேறு வைரஸ்களின் முள்தலைகளைக் கலந்து ஒட்டினார்கள். ஒன்று கோவிட் வைரஸ், மற்ற ஏழும் விலங்குகளில் உள்ளவை. ஒட்டுவதற்கான 'பசை' நுட்பம் ஆக்ஸ்ஃபோர்டில் உருவானது. பக்கத்துப் பக்கத்தில் வெவ்வேறு தலைகள் இருப்பதால், எல்லாவற்றுக்கும் பொதுவான பகுதியை அடையாளம் காணும் நோயெதிர்ப்புச் செல்கள் மேலே வருகின்றன. பிறகு பழைய சார்ஸ் வைரஸை விலங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். அந்த எட்டில் சார்ஸ் இல்லை. ஆனாலும் பாதுகாப்பு கிடைத்தது. 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த முடிவு இது. பாடப்புத்தகத்தில் இல்லாத கணக்கைப் பிள்ளை தேர்வில் போட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மனப்பாடம் செய்யவில்லை, புரிந்துகொண்டிருக்கிறது.

மனிதர்களிடமும் ஒரு சான்று உண்டு. 2003-ல் சார்ஸ் வந்து பிழைத்த எட்டுப் பேருக்குச் சிங்கப்பூரில் 2021-ல் ஃபைசர் கோவிட் தடுப்பூசி போட்டார்கள். வாங் லின்ஃபாவின் குழு அவர்களின் ரத்தத்தைச் சோதித்தது. சார்ஸ் வகை வைரஸ்கள் பலவற்றை, இன்னும் மனிதருக்கு வராத விலங்கு வைரஸ்களையும் சேர்த்து, முடக்கும் எதிர்ப்பொருள்கள் அதில் இருந்தன. உறவுள்ள, ஆனால் வேறுபட்ட இரண்டைப் பார்த்த உடல் பொதுவானதைக் கற்றுக்கொள்கிறது. எட்டுப் பேர் சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் 'முடியும்' என்று காட்ட அது போதும்.

அப்படியானால் ஏன் இன்னும் வரவில்லை? இங்கேதான் நிர்வாகம் வருகிறது.

முதலில், இலக்கு என்ன என்று முடிவாக வேண்டும். 'எல்லாக் கொரோனாவுக்கும்' என்பது பேச்சுக்கு நன்றாக இருக்கும். கோவிட்டின் வருங்கால உருமாற்றங்களுக்கு மட்டுமா, சார்ஸ் வகை முழுவதற்குமா, மெர்ஸையும் சேர்த்தா, சாதாரணச் சளி தரும் கொரோனாக்களும் உண்டா? ஒவ்வொரு படியும் முந்தையதைவிடக் கடினம். தொற்றே வராமல் தடுக்க வேண்டுமா, சாகாமல் காத்தால் போதுமா என்பதும் தனிக் கேள்வி. பாடத்திட்டம் தெளிவாக இல்லாமல் வினாத்தாள் தயாரிக்க முடியாது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக மையம் ஒன்று உலக நிபுணர்கள் ஐம்பது பேர் வரை சேர்த்து, 2023 பிப்ரவரியில் இதற்கென்றே ஒரு வழிவரைபடம் வெளியிட்டது. வைரஸ், நோயெதிர்ப்பு, தடுப்பூசி நுட்பம், சோதனை மாதிரிகள் ஆகிய நான்கோடு ஐந்தாவதாகக் கொள்கையையும் நிதியையும் சரிசமமாக வைத்தார்கள். அந்த ஐந்தாவதை வைத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.

இரண்டாவது, பல வழிகளில் ஒரே நேரத்தில் முயல வேண்டும். எது ஜெயிக்கும் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. 2021 மார்ச்சில் செப்பி என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு இதற்காக 20 கோடி டாலர் ஒதுக்கியது. (பங்குச்சந்தை செபி இல்லை, மாப்பிள்ளைகளே. இது பெருந்தொற்றுகளுக்கு முன்கூட்டியே தடுப்பூசி தயாரிக்க 2017-ல் தொடங்கிய அமைப்பு. தலைமையகம் நார்வேயின் ஆஸ்லோவில். தொடங்கியவர்களில் நம் இந்திய அரசும் உண்டு.) அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க அரசின் தொற்றுநோய் ஆய்வு நிறுவனம் மூன்று கல்வி நிறுவனங்களுக்கு 3.63 கோடி டாலர் கொடுத்தது. செப்பியின் பட்டியலில் கால்டெக்கும் ஆக்ஸ்ஃபோர்டும் சேர்ந்து ஒரு வழி, கேம்பிரிட்ஜிலிருந்து பிறந்த நிறுவனம் ஒரு வழி. நம் பாரத் பயோடெக், ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகம், சுவிட்சர்லாந்தின் எக்ஸெல்ஜீன் மூன்றும் சேர்ந்து ஒரு வழி. ஃபரிதாபாத்தில் உள்ள மத்திய அரசு ஆய்வு நிறுவனமான டிஹெச்எஸ்டிஐயும் பனேசியா பயோடெக்கும் சேர்ந்து இன்னொரு வழி.

மூன்று நாடு சேர்ந்த ஒரு திட்டத்தை நடத்துவது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். ஒரு நாட்டில் புரதம் தயாராகிறது. இன்னொரு நாட்டில் விலங்குச் சோதனை. மூன்றாவது நாட்டில் உற்பத்தியும் மனிதச் சோதனையும். மாதிரிகள் குளிர்பெட்டியில் பறக்க வேண்டும். ஒவ்வொரு நாட்டிலும் அறநெறிக் குழு தனி, இறக்குமதி அனுமதி தனி. கண்டுபிடிப்பு யாருடைய சொத்து என்று முன்பே எழுதியாக வேண்டும். இடையில் ஒருவர் தடுக்கி விழுந்தால் எல்லோரும் நிற்பார்கள். செப்பியின் கூட்டாளிகளில் ஒன்றான அமெரிக்காவின் கோடியாக் நிறுவனம் 2023 மார்ச்சில் திவால் மனுவே கொடுத்தது. இதையெல்லாம் கவனிப்பவர் நோபல் பரிசு வாங்கப் போவதில்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் பரிசு வாங்கியவரின் கண்டுபிடிப்பும் ஊசியாக நம் கைக்கு வராது.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது: அளவுகோல். நம் பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாமை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாவட்டத்துத் தாளை இன்னொரு மாவட்டத்தில் திருத்துகிறோம். நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள். ஒருவர் தாராளம், ஒருவர் கஞ்சம். அதனால்தான் எல்லோர் கையிலும் ஒரே விடைக்குறிப்பு, மேலே முதன்மைத் தேர்வாளர், கூர்ந்தாய்வு அலுவலர். அது இல்லாவிட்டால் ஒரு மையத்து 90-ம் இன்னொரு மையத்து 90-ம் ஒன்றாக இருக்காது.

தடுப்பூசிக்கும் இதேதான். ஒவ்வோர் ஆய்வகமும் தன் முறையில் எதிர்ப்பொருளை அளந்து "எங்களுடையது பத்து மடங்கு" என்றால், எதோடு ஒப்பிட்டுப் பத்து? அதனால் உலக சுகாதார நிறுவனம் 2020 டிசம்பரில் கோவிட் எதிர்ப்பொருளுக்கு ஒரு சர்வதேசத் தர மாதிரியை நிறுவியது. எல்லோரும் அதோடு ஒப்பிட்டு ஒரே அலகில் சொல்லலாம். அதற்குச் சற்று முன்பே செப்பி பல நாட்டு ஆய்வகங்களை ஒரு வலையமைப்பாகச் சேர்த்தது. ஒரே வேதிப்பொருள், ஒரே செய்முறை. யாருடைய தடுப்பூசியானாலும் பொது இடத்தில் திருத்தப்படும். ஃபரிதாபாத் நிறுவனமும் வங்கதேசத்தின் ஐசிடிடிஆர்பியும் அதில் இருக்கின்றன. பணக்கார நாடுகளின் தாள்களை நாமும் திருத்துகிறோம் என்பதில் எனக்குச் சின்னப் பெருமை உண்டு.

ஆனாலும் இந்தத் தேர்வில் ஒரு பெரிய சங்கடம் இருக்கிறது. இன்னும் பிறக்காத வைரஸுக்கு எதிரான தடுப்பூசியை எப்படிச் சோதிப்பது? வழக்கமாகப் பாதிப் பேருக்கு ஊசி, பாதிப் பேருக்கு வெற்று ஊசி போட்டு, யாருக்கு நோய் வருகிறது என்று பார்ப்பார்கள். இங்கே நோயே இன்னும் வரவில்லை. மேலும் உலகத்தில் ஏறத்தாழ எல்லோருமே கோவிட் வந்தவர்கள் அல்லது ஊசி போட்டவர்கள். முதலில் கற்றது மனதில் ஆழமாகப் பதிந்துவிடும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. உடலும் அப்படித்தான். புதிய வைரஸைக் காட்டினாலும் பழைய பாடத்தையே ஒப்பிக்கப் பார்க்கும். எனவே ரத்தத்தில் எந்த அளவு எதிர்ப்பொருள் இருந்தால் பாதுகாப்பு என்பதை எல்லா நாட்டுக் கட்டுப்பாட்டாளர்களும் கூடி, அமைதியான காலத்திலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு நிறுவனமோ ஒரு நாடோ தனியாகச் செய்து முடிக்கக் கூடிய வேலை இல்லை இது.

நான்காவது, நிறுத்தத் தெரிய வேண்டும். நல்ல ஆராய்ச்சித் திட்டத்தில் பணம் மொத்தமாகப் போகாது, படிப்படியாகப் போகும். இந்தப் படி தாண்டினால் அடுத்த தவணை. தாண்டாவிட்டால் நன்றி சொல்லி நிறுத்தி, கற்றதை வெளியிட்டு, பணத்தை அடுத்த குழுவுக்குக் கொடுக்க வேண்டும். பத்தில் எட்டு நின்றுபோனாலும் மிச்சம் இரண்டு போதும்.

நம் நாட்டு அரசு முறைக்கு இது பழக்கமில்லை. அரசுப் பணியில் இருந்த உங்களுக்குத் தெரியும். நிதி தாமதமாக வரும், ஆனால் மார்ச் 31-க்குள் செலவழித்துப் பயனீட்டுச் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். நேர்மையாக முயன்று தோற்றால் அதற்கும் தணிக்கைக் குறிப்பு வரும். அதனால் யாரும் 'இது சரிவரவில்லை' என்று எழுதுவதில்லை. 'முன்னேற்றத்தில் உள்ளது' என்றே ஆண்டுக்கணக்கில் எழுதுகிறோம். களவையும் தோல்வியையும் ஒரே கண்ணால் பார்க்கும் தணிக்கை இருக்கும்வரை துணிச்சலான அறிவியல் இங்கே வளராது. இது என் உறுதியான கருத்து.

ஐந்தாவது, தொடர்ச்சி. இதில்தான் உலகம் திரும்பத் திரும்பச் சறுக்குகிறது. டெக்சாஸில் பீட்டர் ஹோட்டஸ், மரியா எலீனா பொட்டாஸி இருவரும் சார்ஸுக்கு ஒரு தடுப்பூசி தயாரித்து 2016 வாக்கில் மனிதச் சோதனைக்கு ஆயத்தமாக இருந்தார்கள். பணம் கேட்டுப் பல கதவுகளைத் தட்டினார்கள். சார்ஸ் போய்விட்டதே, யாருக்கு வேண்டும் என்றாகிவிட்டது. மருந்து உறைபெட்டிக்குள் போனது. 2020-ல் கோவிட் வந்தபோது அதே வழிமுறையைத் தூசி தட்டி எடுத்தார்கள். காப்புரிமை கேட்காமல் ஹைதராபாத்தின் பயலாஜிகல் இ நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். அதுதான் கோர்பேவாக்ஸ். 2022 மார்ச் 16 முதல் நம் 12 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளிகளில் போட்டது அதைத்தான். உங்களில் பலரின் குழந்தைகளும் போட்டுக்கொண்டிருப்பார்கள். 2016-ல் யாராவது பணம் கொடுத்திருந்தால் அந்த வேலை எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எதிர்ப்பக்க உதாரணமும் சொல்கிறேன். மெர்ஸ் ஸ்பைக் புரதத்தை நிலையாக நிறுத்திவைக்கும் நுட்பத்தை பார்னி கிரகாம், ஜேசன் மெக்லெல்லன் போன்றவர்கள் 2017-லேயே வெளியிட்டிருந்தார்கள். மெர்ஸ் பற்றி அப்போது உலகில் பெரிதாக யாரும் கவலைப்படவில்லை. ஆனால் 2020 ஜனவரியில் கோவிட்டின் மரபணு வரிசை வெளியானதும் அதே நுட்பத்தைப் போட்டு, மார்ச் 16 அன்று முதல் மனிதச் சோதனையைத் தொடங்கினார்கள். இரண்டு மாதங்களில் நடந்த அதிசயம் என்று பத்திரிகைகள் எழுதின. யாரும் கைதட்டாத பல ஆண்டு வேலை அதன் பின்னால் இருந்தது.

இவ்வளவும் பார்த்த பிறகும் உலகம் பாடம் படிக்கவில்லை. அமெரிக்கா 2023-ல் அடுத்த தலைமுறைக் கோவிட் தடுப்பூசிகளுக்கும் மருந்துகளுக்கும் 500 கோடி டாலர் திட்டம் அறிவித்தது. 2025 ஆகஸ்டில் அதே நாட்டு சுகாதாரத் துறை எம்ஆர்என்ஏ முறையிலான 22 தடுப்பூசித் திட்டங்களை, சுமார் 50 கோடி டாலர் மதிப்புள்ளவற்றை, நிறுத்துவதாக அறிவித்தது. மேலே நான் சொன்ன 'நிறுத்துவது' வேறு, இது வேறு. அளந்து பார்த்து ஒரு திட்டத்தை நிறுத்துவது நிர்வாகம். ஆட்சி மாறியதும் ஒரு நுட்பத்தையே ஒட்டுமொத்தமாக ஒதுக்குவது, அரையாண்டுத் தேர்வுக்கு முன் பள்ளியை இழுத்து மூடுவது போன்றது. கலைந்துபோன ஆய்வுக்குழுவை மறுபடி கூட்டுவது எளிதல்ல.

"நம் நாட்டில் காசநோய்க்கும் டெங்குவுக்குமே பணம் போதவில்லை, இது எதற்கு?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காசநோய்ப் பணத்தில் கை வைத்து இதைச் செய்யச் சொன்னால் நானே எதிர்ப்பேன். ஆனால் தொகையைப் பாருங்கள். செப்பி ஒதுக்கிய 20 கோடி டாலர் அன்றைய மதிப்பில் சுமார் 1,500 கோடி ரூபாய். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி. அந்தக் கணக்கில் 1,500 கோடிக்கு மூன்று கிலோமீட்டர்கூட வராது. மெட்ரோ வேண்டாம் என்று சொல்லவில்லை. உலகம் முழுவதற்குமான காப்பீட்டுக்கு இது பெரிய தொகை இல்லை என்று மட்டும் சொல்கிறேன். அதோடு, இதற்காகக் கட்டும் ஆய்வகமும் பயிற்சி பெற்ற ஆட்களும் மற்ற நோய்களுக்கும் உதவுவார்கள்.

கடைசியாக, ஊசி வந்தால் யாருக்கு முதலில்? 2021-ல் பணக்கார நாடுகள் முன்பதிவு செய்து குவித்தன. நாமும் இரண்டாம் அலையில் ஏற்றுமதியை நிறுத்தினோம். நம் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம்மை நம்பியிருந்த ஆப்பிரிக்க நாடுகள் மாதக்கணக்கில் கையைப் பிசைந்து நின்றன என்பதும் உண்மை. நெருக்கடி வந்த பிறகு யாரும் பெருந்தன்மையாக இருக்க மாட்டார்கள். பங்கீட்டை ஆராய்ச்சி தொடங்கும்போதே ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். தயாரிக்கும் இடங்களும் பரவலாக இருக்க வேண்டும். செங்கல்பட்டில் ஹெச்எல்எல் பயோடெக்கின் தடுப்பூசி வளாகம் எழும்பி நின்றும், நாடே ஊசிக்குத் தவித்த 2021-ல் அங்கிருந்து ஒரு கோவிட் ஊசியும் வரவில்லை. முதலமைச்சர் ஸ்டாலின் நேரில் பார்த்து, மாநிலத்திடம் ஒப்படைக்கச் சொல்லிப் பிரதமருக்குக் கடிதமும் எழுதினார். கட்டடம் மட்டும் போதாது, அதை நடத்துகிறவர்கள் வேண்டும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே இருக்கும் சாட்சி அது.

ஆகவே நான் கேட்பது இவைதான். செப்பியைத் தொடங்கிய நாடு என்ற முறையில் இந்தியா ஆண்டுதோறும் தவறாமல் தன் பங்கைக் கொடுக்கட்டும். நம் ஆய்வகங்களின் முடிவுகள், தோல்வி உட்பட, பொதுவில் வெளியாகட்டும். ஆய்வுத் திட்டங்களை நடத்தத் தெரிந்தவர்களை ஒரு தனித் தொழிலாக மதித்துப் பயிற்றுவிக்கட்டும்.

இதில் உங்களுக்கும் வேலை இருக்கிறது. என் மாணவர்களில் திட்டங்களை நடத்துவதில் கெட்டிக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். கெடு, செலவு, பத்து ஊர் ஆட்களை ஒரே பேச்சுக்குக் கொண்டுவருவது எல்லாம் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தத் திறமை வங்கி மென்பொருளுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். உயிர் காக்கும் ஆராய்ச்சிக்கு அது பஞ்சமாக இருக்கிறது. பிள்ளைகளை மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ மட்டும் தள்ளும் பெற்றோர்களே, நுண்ணுயிரியலோடு நிர்வாகமும் படிக்க ஆசைப்படும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தடுப்பூசியைப் பற்றி வரும் எந்தச் செய்தியையும் யார் சொன்னது, எங்கே அளந்தது என்று கேட்காமல் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

மருந்துத் துறையிலும் மருத்துவமனையிலும் இருக்கும் பிள்ளைகள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். இப்போது என் கையில் பிரம்பு இல்லை.

அன்புடன்,
உங்கள் உயிரியல் சார்